பதினேழாம் எண் பை

“வேலை விஷயமா வந்திருந்தா இப்பவே சொல்லிடறேம்மா, முடிவு என் கையில இல்ல.”

திட்ட அதிகாரி முதலில் சொன்னது இதுதான் என்று நினைக்கிறேன். வருஷங்கள் ஓடிவிட்டன, என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை. ஆனால் அந்தத் தகரக் கொட்டகையில் எடை எழுதும் நோட்டோடு நின்றவன் நான்தான்.

மாவட்டத்துக் குப்பைக்குப் புதுத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. தரம் பிரிக்க இயந்திரம் வரும். கையால் பிரிக்கும் பன்னிரண்டு பெண்களும் வீட்டுக்குப் போவார்கள். அதற்குமுன் எந்த வீட்டில் என்ன குப்பை சேர்கிறது என்று பார்க்க, இருபது வீடுகளின் பைகள் நான்கு வாரமாக வந்துகொண்டிருந்தன. பையில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் எந்த வீடு என்பது அதிகாரிக்கு மட்டுமே தெரியும்.

அன்று கடைசி எடை. அதிகாரியே வந்திருந்தார். அவர் அறை வாசலில் மூன்று முறை காவலாளியால் திருப்பி அனுப்பப்பட்ட பெண், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, முன்னால் வந்து நின்றதும்தான் அவர் அப்படிச் சொன்னார். கையால் தூக்கியே எடை சொல்வதால் எல்லோருக்கும் அவள் தராசக்கா.

“தட்டுல வைக்காதீங்க சார். நாலாம் நம்பர், ரெண்டே கால் கிலோ. முக்கால்வாசி காய்கறித் தோல்.”

வைத்துப் பார்த்தேன். பத்து கிராம்தான் குறைந்தது.

“குருட்டாம்போக்குல சொல்றீங்க,” என்றார் அதிகாரி.

“அப்ப ஒன்பதைக் குடுங்க.” கட்டிய பையை விரல்களால் அழுத்தினாள். “இந்த வீட்டுல மூணு வாரமா யாரோ உடம்பு இளைக்கிறாங்க. வெறும் வெள்ளரித் தோலு. இந்த வாரம் தாங்கல போல. கேக் டப்பா, ரெண்டு.”

பிரித்தோம். ரெண்டுதான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“பன்னெண்டுல ஒரு புது உசிரு வந்திருக்கு சார். போன வாரம் இந்த ஈரக் கனம் இல்ல.”

பிரித்தோம். பிறந்த குழந்தைக்குக் கட்டும் டயாப்பர்கள்.

கூரைத் தகரத்தில் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. அதிகாரி கோவிலில் நிற்பவர்போல் கைகளைக் கோத்துக்கொண்டு, அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெஷின் வரட்டும். ஆனா பன்னெண்டு பேரும் அதுல இருப்பீங்க. திட்டத்துல எழுதறேன்.”

“கையில இல்லன்னீங்களே சார்!” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

“பேனா இருக்கேம்மா!”

கொட்டகையே கலகலத்தது. தராசக்கா மட்டும் சிரிக்கவில்லை. பதினேழாம் எண் பையைத் தானே போய் எடுத்து வந்தாள்.

“ரெண்டு பேர் இருக்கிற வீடு. எல்லாம் ஒழுங்கா மடிச்சு வரும். அடியில மட்டும் துணி சுத்தி ஒரு பொட்டலம். மாத்திரை சார். காலி அட்டை இல்ல, முழு அட்டை. ஒண்ணுகூடப் பிரிக்கல. நாலு வாரமா இப்படித்தான் வருது. மருந்துக் கடையில காட்டிக் கேட்டேன். நெஞ்சுக்குக் குடுக்கறதாம், ஒரு நாள்கூட விடக் கூடாதாம்.”

அதிகாரி பையை வாங்கினார். அடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து, சுற்றியிருந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யார் வீடுன்னு… உங்களுக்குத் தெரியுமா?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் நின்றதால் என் காதில் விழுந்தது.

“ரெண்டாவது வாரமே உள்ள ஒரு கவர் கிடந்துச்சு சார், பேரோட. அதுக்குத்தான் மூணு தடவை உங்க ரூம் வாசல்ல வந்து நின்னேன். எங்க வேலைக்காக இல்ல.”

இயந்திரம் வந்தது, பன்னிரண்டு பேரும் அதில்தான் வேலை செய்கிறார்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். அதிகாரியின் மனைவி நலமாக இருக்கிறார்; தினமும் மாத்திரையைக் கணவரின் கண்ணெதிரில்தான் விழுங்குகிறாராம்.