பரவ வேண்டிய சொட்டு

உலோகத்தின் பிசுக்கைப் போக்கும் பிளாஸ்மாப் பெட்டியின் ஊதா வெளிச்சத்தில் குளித்து வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு மேசையில் கிடக்கிறது; வெறும் ஸ்டீலில் உருண்டு நிற்கும் தண்ணீர் இதில் பரவினால்தான் மேற்பூச்சு ஒட்டும். பரவாவிட்டால் தகட்டைத் தயார்செய்த என் மருமகளுக்கு இன்றோடு வேலை போச்சு. அவள் நெஞ்சு அடிப்பது அடுத்த தெருவுக்கே கேட்கிறது. சாப்பாடு கொண்டுவந்த நான் மூச்சை விழுங்கிக்கொண்டு நிற்கிறேன். சொட்டு விழுகிறது. கண்ணாடிபோல் பரவுகிறது, நடுவில் கட்டைவிரல் அளவு இடத்தை மட்டும் விட்டுவிட்டு. "விரல் பிசுக்கு! எவன்யா வெறுங்கையால தொட்டது?" முதலாளியின் அலறலில் கூரை ஓரடி எழும்பி உட்காருகிறது. "நான் கிளவுஸைக் கழட்டவே இல்ல சார்," என்று மருமகள் உறை போட்ட கைகளை நீட்டுகிறாள். சுற்றி நிற்கும் தொழிலாளிகளும் நானும் நீட்டுகிறோம். முதலாளியின் வலது கை மட்டும் மெல்லக் கால்சட்டைப் பைக்குள் இறங்குகிறது. அதைப் பார்த்துத் தொலைத்தோமே என்றுதான் இப்போது எல்லாருக்கும் உதறல்.