முகம் மறைத்தே பதிவிடுவோம்

"இது நம்மட கடை அபாயா இல்லியே, புள்ள."

கடை முதலாளி ஜவ்பர் நானா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கணினித் திரையில் முட்டுவதுபோலக் குனிந்து நின்றார்.

அசனாவுக்குச் சுருக்கென்றது.

நாலாயிரத்து அறுநூறு லைக். இந்த மாதத்தின் சிறந்த வாடிக்கையாளர் படம். பரிசு அறிவித்தல் போடுவதற்காக அதைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். வேறு கடை உடுப்புக்குப் பரிசு கொடுத்தால் மானம் கப்பலேறிவிடும்.

"வடிவாப் பாருங்க நானா. உங்களுக்கு வெள்ளெழுத்து."

"எழுத்துத்தான் தெரியாது. தையல் தெரியும். இந்த மணி வேலை நம்மட ஆக்கள் செய்தது இல்ல. ஆருட கைவேலை எண்டு கேட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு, வந்திறங்கிய துணிக்கட்டுகளை எடுக்க வாசலுக்குப் போனார்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் அது, முஸ்லிம் பெண்கள் உடுக்கும் நீள அங்கியான அபாயா விற்கும் ஒரு சின்னக் கடை. முகநூலில் மட்டும் பெரிய கடை. முந்நூறு பேர் இருந்த பக்கத்தைப் பத்தொன்பதாயிரத்துக்கு ஏற்றியவள் அசனா.

கடை போடும் விளம்பரத்தை ஒருவரும் சீண்டுவதில்லை. வாங்கியவர்கள் உடுத்துப் பார்த்து அனுப்பும் படங்களுக்குத்தான் மவுசு. நூறு வந்தால் நாலைத் தெரிவுசெய்வாள். பின்னால் கடல் தெரிய வேண்டும். வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். வியாழன் பின்னேரம் போட்டால் வெள்ளி முழுக்க ஓடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரோசாப்பூ.

படம் வந்தவுடன் முகத்தின் மேல் பூவை ஒட்டிவிடுவாள். ஓரக்கண்ணால் இடம் பிடிப்பதோடு சரி, அவளும் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒட்டிய கையோடு மூலப் படத்தை அழித்துவிடுவாள். நம்பி அனுப்புகிறார்கள். அமானிதம். அந்த நம்பிக்கைதான் பக்கத்தை வளர்த்தது.

அசனா கைப்பகுதியை இன்னும் பெரிதாக்கினாள்.

இடது கையின் ஓரத்தில் பச்சை மணிகள், ஒரே வரிசை. கடைசி மூன்று மட்டும் நீலம்.

மௌஸைப் பிடித்திருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

பச்சை மணி தீர்ந்துபோய் நீலத்தைக் கோத்தது அசனாதான். அவளை ராத்தா என்று கூப்பிடும் ஒரே தங்கை சுஹைரா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்று, வேன் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்க, தங்கை உடுத்துப் போன அபாயாவுக்கு அவசரத்தில் கோத்தது.

சுஹைரா திரும்பி வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடதாசிதான் வந்தது. மாரடைப்பு. அங்கேயே அடக்கம்.

மையித்தும் வரவில்லை, அவளுடைய பெட்டியும் வரவில்லை. கபன் துணியால் மூடுவதற்கு முன் வீட்டாரைக் கூப்பிட்டுக் கடைசியாக முகம் காட்டுவார்களே, அது இந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உம்மா இன்றைக்கும் கேட்பது அதைத்தான். ஒருக்கா முகத்தைக் காட்டியிருக்கலாமே.

படத்தில் நிற்பவளுக்குப் பின்னால் மூதூர் வள்ளங்கள் கட்டும் இறங்குதுறை. கடையிலிருந்து பத்து நிமிட நடை.

அசனா பக்கத்தின் உள்பெட்டியைத் திறந்தாள். அனுப்பியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். நாலு வியாழன், நாலு படம். நாலுக்கும் பூ ஒட்டியவள் அவள். நாலையும் அழித்தவளும் அவள்.

அழித்த இடங்களுக்குக் கீழே, அவள் ஒருநாளும் வாசிக்காத வரிகள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் அமைத்து வைத்திருந்த தானியங்கிப் பதில் போயிருந்தது.

ராத்தா, முகத்தைப் பாத்துட்டு மூடுங்க.

*உங்கள் படம் கிடைத்தது. முகம் மறைத்தே பதிவிடுவோம்.*

இந்தக் கிழமையும் பாக்கல்லியா?

*உங்கள் படம் கிடைத்தது. முகம் மறைத்தே பதிவிடுவோம்.*

உம்மாட்டயாவது காட்டுங்க. அவ கேக்கிறா தானே.

*உங்கள் படம் கிடைத்தது. முகம் மறைத்தே பதிவிடுவோம்.*

இன்னும் ஒருக்காத்தான் என்னால வர ஏலும்.

*உங்கள் படம் கிடைத்தது. முகம் மறைத்தே பதிவிடுவோம்.*

"என்ன புள்ள, ஆள் ஆப்பிட்டிச்சா?" வாசலிலிருந்து ஜவ்பர் நானாவின் குரல். "பரிசை நேர வந்து வாங்கச் சொல்லுங்க."

"ஓம் நானா." வாய்தான் சொன்னது.

இன்றைக்கும் வியாழன்.

நினைத்து முடிக்கவில்லை, உள்பெட்டி மணி அடித்தது. புள்ளியிடமிருந்து ஒரு படம். சாம்பல் சதுரத்துக்குள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அசனா வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, கைப்பேசிக் கமராவைத் திரைக்கு நேரே பிடித்தாள்.

"உம்மா, போனை வெக்காதீங்க. பாத்துட்டே இருங்க."

இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை. இமைக்கவும் இல்லை.

வட்டம் நின்றது. படம் மேலிருந்து கீழாகத் திறந்தது.

அதே அபாயா. அதே மூன்று நீல மணிகள். பின்னால் கடல் இல்லை. கடையின் கண்ணாடிக் கதவு. கதவோரம் ஜவ்பர் நானா, தோளில் துணிக்கட்டோடு.

அசனா வாசலை நிமிர்ந்து பார்த்தாள். ஜவ்பர் நானா, தோளில் துணிக்கட்டோடு. வேறு ஒருவரும் இல்லை.

திரும்பவும் திரைக்கு வந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்தின் ரோசாப்பூ ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது. நெற்றியிலிருந்து நாடி வரை, ஒரு மயிரிழை பிசகாமல்.

"என்ன மகள் இது, பூவெல்லாம் காட்டுறீங்க?" என்றார் உம்மா.

படத்துக்குக் கீழே கடைசி வரி வந்து விழுந்தது.

நீங்க பாக்க மாட்டீங்க எண்டு, இந்த முறை நானே மூடிட்டன் ராத்தா.