முதல் வீட்டுத் தண்ணீர்

"மோட்டாரை எங்கண்ணே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துக்கொண்டே கேட்டான் தம்பி. கூடப் பிறந்தவர் வீட்டிலேயே சோதனை போடுகிறோமே என்ற கூச்சம் அவனுக்குத் துளியும் இல்லை. அவன் குடிநீர் அலுவலகத்து ஃபிட்டர். அவன் கொடுத்த புகாரின் பேரில் இன்ஜினியரம்மாவும் கூட வந்திருந்தார்.

"மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? நல்லா தேடிக்கோடா," என்றார் அண்ணன்.

பெரிய சாலைக்கடியில் ஓடும் ராட்சத இரும்புக் குழாயிலிருந்து இந்தத் தெருவுக்குப் புதிதாகக் கிளை கொடுத்து மூன்று மாதமாகிறது. ஒரு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. முதல் வீடான அண்ணன் வீட்டில் மட்டும் எப்போதும் டிரம் நிறைந்திருந்தது. தான் வாட்ச்மேனாக இருக்கும் பள்ளிக்கூடத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் கொண்டுவருவதாகச் சொன்னார். தெருவில் ஒருவரும் நம்பவில்லை, தம்பி உட்பட.

"அரிசி டப்பாவையும் பாத்துடுங்க தம்பி. மோட்டார் அதுக்குள்ள இருந்தாலும் இருக்கும்," என்றாள் அண்ணி.

அவன் அதையும் திறந்து பார்த்தான்.

"ஒண்ணும் இல்லையேப்பா," என்றார் இன்ஜினியரம்மா. "ஒருவேளை கிளைக்குழாய்லயே கோளாறு இருந்தா?"

அவனுக்குச் சுருக்கென்றது. "அதை வெச்சதே நான்தான் மேடம். பெரிய குழாய்ல தண்ணி ஓட ஓட, அதை நிறுத்தாமலே கிளையை வெல்டிங் பண்ணி வால்வு மாட்டினேன். ஊசிமுனை அளவுக்குக்கூட கசிவு இல்ல. நீங்களே பாத்துப் பாராட்டினீங்க."

"அப்போ தண்ணி எங்க போகுது?"

"வால்வுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவுல மண்ணுக்குள்ள திருட்டு லைன் இருக்கு. தோண்டினா தெரிஞ்சிடும்."

இன்ஜினியரம்மா அண்ணனைப் பார்த்தார். "திருட்டுன்னு ஆயிட்டா நான் கேஸ் எழுதணும். உங்க வேலைக்கே ஆபத்து."

"திருட்டு கேஸ்ல மாட்டின வாட்ச்மேனை யாரும்மா வெச்சுக்குவாங்க? தோண்டச் சொல்லுங்க," என்றார் அண்ணன்.

தம்பிக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் மனைவி குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைகிறாளே! அண்ணனானாலும் திருட்டு திருட்டுதான்.

வாசலிலிருந்து வால்வு வரைக்கும் தோண்டியாயிற்று. திருட்டு லைன் எதுவும் இல்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா என்றால் அதுதான் இல்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

"வால்வுலயே கை வெச்சிருக்காரு மேடம். பெரிய ஆளுதான்."

குழிக்குள் இறங்கி வால்வை மூடினான். தெருவுக்குப் போகும் குழாயை அதிலிருந்து கழற்றினான்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. திறந்தா பீச்சியடிக்கும்."

சக்கரத்தைப் பிடித்துத் திருகினான். வால்வு முழுதாகத் திறந்தும் ஒன்றும் வரவில்லை.

"பாத்தீங்களா? உள்ளயே எதையோ வெச்சு அடைச்சிருக்காரு," என்று குனிந்து வால்வின் வாய்க்குள் டார்ச் அடித்தான்.

டார்ச்சை இன்னும் உள்ளே நீட்டிப் பார்த்தான்.

"என்னடா தெரியுது?" மேலேயிருந்து அண்ணன் கேட்டார்.

வால்வு வழியாகவே பெரிய குழாயில் துளை போடும் மெஷின் நாளைக்கு வந்ததும் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுப் போனவன், மறுநாள் வேறொரு வேலைக்கு ஓடியது இப்போதுதான் தம்பிக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே பெரிய குழாயின் மேல், எங்கே வெட்ட வேண்டும் என்று அவனே சாக்பீஸால் போட்ட வட்டம், ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல் முழுசாக இருந்தது.