உள்ளிழுத்த ஆமாம்

எத்தியோப்பியாவின் மலை ஊர் ஒன்றில் ஞானமுத்துவும் அவர் மனைவி சுகிர்தாவும் வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். அங்கே பலர் ‘ஆமாம்’ என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. திடுக்கிட்டதுபோல மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான். முதல் நாள் “புரிந்ததா?” என்று சுகிர்தா கேட்டதும் வகுப்பே மூச்சை இழுத்தது. தனக்குப் பின்னால் பாம்புதான் வந்துவிட்டதென்று அவள் துள்ளித் திரும்பினாள். பிறகு அந்தப் பழக்கம் இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தட்டுமா, வீட்டில் காபி போடட்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரு மூச்சுதான் பதில். ஊர் திரும்பியும் அது விடவில்லை.

இப்போது நாகர்கோவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஞானமுத்துவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. சுகிர்தா குனிந்து, “ஏங்க, வீட்டுக்குப் போவோமா?” என்றாள். அவர் மூச்சைச் சட்டென்று இழுத்தார். நர்ஸ் ஆக்சிஜன் குழாயுடன் ஓடிவந்தாள்.

“மூச்சுத் திணறுதும்மா. கொஞ்சம் தள்ளுங்க.”

“திணறல் இல்லம்மா அது. ஆமாங்கிறாரு.”

நர்ஸின் கை அந்தரத்தில் நின்றது. யாரும் எதுவும் கேட்காமலே ஞானமுத்து மறுபடி மூச்சை இழுத்தார்.

அதற்கு ஒரு கேள்வியை அவசரமாகத் தேடினாள் சுகிர்தா.