ஜெபத்துக்கு வந்த தடை

"உங்க வீட்டுலதான் ஏதோ தடை இருக்கு. இல்லேன்னா இந்த ஜெபம் கேட்கப்படாம போகவே போகாது!"

செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே வந்த அக்கா, நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னது இது.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தங்கை புருஷன் கட்டில்மேல் குவிந்திருந்த துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். வேலையில்லாத மனுஷன் வேறென்ன செய்வார்?

அக்காவைச் சும்மா சொல்லக் கூடாது. ஜெபம் என்று உட்கார்ந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சபையில் பெண்கள் ஜெபக் குழுவுக்கு அவள்தான் தலைவி. யாருக்குக் காய்ச்சல், யார் மகனுக்குப் பரீட்சை, எல்லாம் அவள் காதுக்குத்தான் முதலில் வரும்.

தங்கை புருஷன் அச்சகத்தில் மெஷின்மேன். நடுவில் மனசு உடைந்துபோய், தூக்கம் போய், பேச்சும் போய், கொஞ்ச காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது நன்றாகத் தேறிவிட்டார். புது அச்சகம் ஒன்றில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நாலு கலரும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்ததைப் பார்த்து முதலாளிக்குப் பரம திருப்தி. "திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார்.

திங்கட்கிழமை போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"என்னதான் சொன்னாராம் அந்த முதலாளி?" அக்கா கேட்டாள்.

"வேற ஆள் போட்டாச்சாம்க்கா."

"பார்த்தியா? சரின்னு சொன்ன மனுஷன் கடைசி நேரத்துல மாறுறாருன்னா சும்மாவா? வீட்டுக்குள்ள எதையோ ஒளிச்சு வெச்சிருக்கீங்க. அதைச் சரி பண்ணாம எத்தனை ஜெபம் பண்ணியும் பிரயோஜனம் இல்ல."

தங்கைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நான்தான்க்கா காரணம். ஞாயித்துக்கிழமை ராத்திரி, முழங்கால்ல நின்னபடியே தூங்கிட்டேன்."

"நினைச்சேன்! புருஷன் பொழைப்பு அந்தரத்துல தொங்குது, உனக்குத் தூக்கம் கேக்குதா?"

"அவளை விடுங்க அண்ணி" என்றார் தங்கை புருஷன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. இன்னும் அந்த மாத்திரையை முழுங்கிட்டுத்தானே இருக்கீங்க? முழு விசுவாசம் இருக்கிறவருக்கு மாத்திரை எதுக்கு?"

அவர் முகம் சுண்டிப்போனது. அடுத்த சட்டையை எடுத்தார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அக்காவுக்கே என்னவோ போலாகிவிட்டது. குரலை இறக்கினாள்.

"உங்க மேல கோபம் இல்ல தம்பி, என் மனசு கேக்கல. நான் ஒருத்தி மட்டும் ஜெபிச்சிருந்தா, போகட்டும்னு விட்டுருவேன். எங்க குழு மொத்தமும் உட்கார்ந்து ஜெபிச்சுது. பக்கத்து சபைக் குழுக்களுக்கும் அனுப்பினாங்க. இத்தனை பேர் ஒருமனப்பட்டும் எப்படிக் கேட்கப்படாம போகும்?"

அவர் நிமிர்ந்தார். "குழுவுல போட்டீங்களா?"

"ஐயையே, பேரைப் போடுவேனா? யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு உங்க பெண்டாட்டி என்கிட்ட சத்தியமே வாங்கியிருக்காளே! 'மனநிலை பாதித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மெஷின்மேன் சகோதரர் திங்கட்கிழமை புது அச்சகத்தில் சேருகிறார், பாரத்தோடு ஜெபியுங்கள்.' அவ்வளவுதான். பேர் மூச்சே கிடையாது."

அவர் மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே கட்டிலில் வைத்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசினார்.

"வேற ஆள் போட்டாச்சுன்னு இவகிட்ட நான்தான் பொய் சொன்னேன் அண்ணி. முதலாளி அப்படிச் சொல்லல."

"பின்னே?"

"ரொம்ப அன்பாத்தான் பேசினார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'எங்க வீட்டு அம்மாவுக்கும் உங்க ஜெபக் குறிப்பு வந்துச்சு தம்பி. நாங்களும் ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கோம். ஆனா உங்களை மெஷின்கிட்ட நிறுத்த எனக்குப் பயமா இருக்கு. முதல்ல மனசு நல்லா குணமாகட்டும்'னார். வேலைக்காரங்க எல்லாரும் பார்த்துட்டு நின்னாங்க. தலையைத் தூக்க முடியல."



"கர்த்தாவே..." என்றாள் அக்கா. மணிக்கணக்கில் ஜெபிக்கிறவளுக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. இந்த மனுஷனிடமா பாவத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி உட்கார்ந்திருந்தோம் என்று உடம்பெல்லாம் கூசியது.

"விஷயம் யார் மூலமா போச்சுன்னு இவ்வளவு நாளா தெரியாம இருந்துச்சு" என்றார் அவர்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "நான் இப்பவே அவ கால்ல விழுந்து சொல்லிடறேன் தம்பி."

உள்ளே டம்ளர் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அவர் அவசரமாகக் கையமர்த்தினார்.

"அவ தூங்கினதால இல்லேன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. மத்தது எதுவும் அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"அதெப்படி தம்பி?"

"எனக்கு வேலை போனா இன்னொண்ணு தேடிக்குவேன் அண்ணி. மனசு விட்டு அழ இன்னொரு அக்காவுக்கு அவ எங்கே போவா?"