பரங்கிக்காயைத் தூங்க வைத்தல்

பயிற்சிப் பொம்மைகள் ஊரடங்கில் பூட்டிய அலுவலகத்தில் மாட்டிக்கொண்டதால், பச்சைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதை லேப்டாப் முன்னால் ஒரு பரங்கிக்காயை வைத்துக் கற்பித்துக்கொண்டிருந்தேன். திரை முழுக்க, ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களுக்குச் சொல்லித்தரும் சுகாதாரப் பணியாளர்கள். கையில் தலையணை, சுருட்டிய துண்டு, ஒருத்தரிடம் சுரைக்காய். எல்லோரும் மைக்கை மூடியிருந்ததால் என் ஜோக்குக்கு யாரும் சிரிக்காதது கேட்கவில்லை, நிம்மதி. அவர்களில் சகாயமேரியின் மைக் மட்டும் திறந்திருந்தது. கொரோனா வந்து தனியறையில் இருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய கைக்குழந்தை வீறிட்டு அழுதது. “சாரி சார், அவங்கப்பா தூக்கினா அடங்க மாட்டான்” என்றபடி மடியிலிருந்த தலையணையைத் தட்டினார். “இருக்கட்டும்மா” என்ற நான், பாடத்தை மறந்து பரங்கிக்காயைத் தட்டினேன். திரையில் ஒவ்வொருவராகத் தட்ட ஆரம்பித்தார்கள். யாரோ மைக்கைத் திறந்து “ஆராரோ” என்றார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சகாயமேரி ஃபோனைக் கதவிடுக்கில் வைத்தார். அழுகை விசும்பலாகி, விசும்பல் ஓய்ந்தது. வகுப்பு நேரம் முடிந்தும் யாரும் கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை. “பரங்கிக்காயைக் கொண்டாங்க, குழம்புக்கு அரியணும்” என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள் என் மனைவி. நான் உதட்டில் விரல் வைத்தேன்.

“மெதுவா பேசு. இப்பதான் கண்ணசந்திருக்கு.”