ஏழாம் பாத்தி

"ரெண்டு தடவை விதைச்சு ரெண்டு தடவையும் தவறினா பாத்தி கைமாறும். இது இன்னிக்கு நான் போட்ட விதி இல்ல" என்றார் ஸ்கேல்.

குடியிருப்பில் இருபது வீடுகள், பின்பக்கத் தோட்டத்தில் பன்னிரண்டே பாத்திகள். பாத்தி வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் விதை உறைகளோடு சைக்கிள் ஷெட்டில் கூடுவார்கள். எந்த மாதம் எந்தப் பாத்தியில் என்ன விதைப்பது என்று அட்டவணை போடுவது ஸ்கேல்தான். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முள்ளங்கி விதைக்குக்கூட ஸ்கேல் வைத்து இடைவெளி பார்ப்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் ஸ்கேல்.

இன்று அவர் மேஜைக்கு முன்னால் நின்றது டெய்லர் அம்மா. வீட்டுக்காரர் இடுப்பொடிந்து படுத்த படுக்கை. மூன்று பிள்ளைகள். நாலு வருஷம் காத்திருந்து போன வருஷம்தான் ஏழாம் பாத்தி கிடைத்திருந்தது.

"தக்காளி என்னாச்சு?"

"முளைச்சுது சார். நூல் மாதிரி நீண்டு சாஞ்சு போச்சு."

"பீன்ஸ்?"

"அதுவும் அப்படித்தான்."

"விதையை ஈரத்துணியில வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். பத்துக்கு ஒம்பது முளை விட்டுச்சு."

"அப்ப விதை மேல தப்பில்ல."

பின்னே யார் மேல்? சிவப்புப் பென்சிலை எடுத்து, பழைய அட்டவணையில் ஏழாம் எண்ணுக்கு நேரே இருந்த அவள் பெயரை, ஸ்கேல் வைத்துக் கோணாமல் அடித்தார்.

ஜெராக்ஸ் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். நாலாம் பாத்திக்காரி. நியாயம் பேச வேண்டிய இடத்தில் அவள் இருந்தால் அடுத்தவர் வாய் திறக்கத் தேவையில்லை.

"என்ன சார் இது? அவங்க படற பாடு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா அடிச்சீங்க? மனுஷங்களை விட அட்டவணை பெரிசாப் போச்சா உங்களுக்கு?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ஏன் சொல்ல மாட்டீங்க? குழாயடியில முதல் பாத்தி உங்களுது. பொழுது விடிஞ்சா சாயற வரைக்கும் வெயில். குச்சியை நட்டாக்கூடக் காய்க்கும். உங்களுக்கு எங்க தவறப் போகுது?" அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "போன வாரம் பூரா குச்சியும் டேப்புமா பாத்தி பாத்தியா நின்னு நிழலை அளந்துக்கிட்டு இருந்தாரு. அந்த நேரத்துல இவங்களுக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தியிருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஸ்கேல் சிரிக்கவில்லை.

"ஏழாம் பாத்தி காலி. யாருக்கு வேணும்?" என்றார்.

பேக்கரிக்காரர் தன் பூசணி விதைகளை எண்ண ஆரம்பித்தார். லிஃப்ட் மெக்கானிக் போனை எடுத்துப் பார்த்தார். ஜெராக்ஸ் அக்கா தன் வெண்டை உறையின் வாயை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பியதிலிருந்து ஏழாம் பாத்திக்குப் பத்து மணிக்கு மேல் வெயில் கிடையாது. விடிகாலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தையல் மிஷினுக்கு ஓடுகிற டெய்லர் அம்மாவைத் தவிர அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"யாரும் இல்லையா? சரி, நான் பாத்துக்கறேன்."

டெய்லர் அம்மா தன் உறைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

"விதையை வச்சுட்டுப் போங்க" என்றார் ஸ்கேல்.

ஜெராக்ஸ் அக்கா விருட்டென்று திரும்பிப் பார்த்தாள். பாத்தியும் போய், பொத்திப் பொத்திச் சேர்த்த விதையும் போக வேண்டுமா? டெய்லர் அம்மா உறைகளை மேஜை மேல் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேல் புது அட்டவணையோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.

"பன்னெண்டு காப்பி வேணும். முதல் காப்பியை டெய்லர் அம்மாகிட்ட நீங்களே குடுத்துடுங்க."

"அந்தப் பாவத்துக்கு வேற ஆளைப் பாருங்க சார். வயித்தெரிச்சலைக் கொட்டிக்க நான் தயாரா இல்ல."

அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டு நடந்தார்.

நெஞ்சழுத்தத்தைப் பார் என்று மனசுக்குள் திட்டினாள். எங்கேயாவது ஒரு தப்பாவது இருக்காதா, அதைக் காட்டி அந்த ஆள் முகத்தில் வீச மாட்டோமா என்று தாளை முதல் வரியிலிருந்து படித்தாள்.

தப்பு முதல் வரியிலேயே கிடைத்தது. முதல் பாத்திக்கு நேரே 'டெய்லர் அம்மா' என்று இருந்தது. கீழே பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, தக்காளி, பீன்ஸ், மிளகாய் என்று அவள் விட்டுப்போன உறைகளில் இருந்ததெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை.

இரண்டாவது தடவை படித்தாள். தப்பு இல்லை.

நாலாம் பாத்தி போன வருஷம் போலவே ஜெராக்ஸ் அக்காவுக்கு. அந்த வரியில் அவள் கண் நிற்கவில்லை.

ஏழாவதுக்கு வந்தாள். அதே கோணாத கையெழுத்து.

'ஏழாம் பாத்தி. வெயில் மூன்று மணி நேரம். கீரை மட்டும் முயற்சி செய்யலாம். பொறுப்பு: ஸ்கேல்.'